தபால் பையில் ஏறிய பந்தயம்: குடியேற்றக் கால ஆஸ்திரேலியாவில் கோச்சு வண்டியும் குலுக்கல் சீட்டும்



குடியேற்றக் கால ஆஸ்திரேலியாவின் சமூக வரலாற்றில் குதிரைப் பந்தயம், பரிசுச்சீட்டு, கோச்சு வண்டி ஆகிய மூன்றையும் தனித்தனியே பேசுவது வழக்கம். பந்தயத்தைக் கேளிக்கையின் கீழும், பரிசுச்சீட்டைச் சூதாட்டத்தின் கீழும், கோச்சு வண்டியைப் போக்குவரத்தின் கீழும் வைத்துவிடுவார்கள். இந்தப் பிரிவினை வசதியானது. ஆனால் இப்படிப் பிரித்து வைத்த பிறகு ஒரு கேள்விக்கு விடை கிடைக்காமலே போகிறது. சிட்னி நகரத்து மதுவிடுதி ஒன்றில் தொடங்கிய குலுக்கல், இருபதே ஆண்டுகளில் ஒரு கண்டம் முழுவதும் பரவி, அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் இயற்றித் துரத்த வேண்டிய அளவுக்கு வளர்ந்தது எப்படி? ஆஸ்திரேலியர்கள் பிறவிச் சூதாடிகள் என்று சொல்லி முடித்துக்கொள்வோர் உண்டு. அந்த விடை தவறு என்பதே என் கட்சி. பந்தயத்தை ஊர் வேடிக்கையிலிருந்து நாட்டுப் பழக்கமாக மாற்றியது தபால். தபாலைச் சுமந்தது குதிரை. குதிரைக்குக் கூலி கொடுத்தது அரசு. பிற்பாடு சீட்டு வாங்கியவனைக் குற்றவாளியாக்கியதும் அதே அரசுதான். இதைச் சான்றுகளோடு காட்ட முயல்கிறேன்.

முதலில் கோச்சு. 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. அந்த ஆண்டில் சுமார் 77,000 பேர் இருந்த குடியேற்றத்தில் பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிறைந்துவிட்டார்கள். அவர்களில் பலர் கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, சாலையே இல்லாத சுரங்க மேடுகளில் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களை நம்பி 1853இல் மெல்போர்னில் ஃப்ரீமன் காப் என்ற அமெரிக்க இளைஞரும் அவருடைய நாட்டுத் தோழர்கள் மூவரும் கோச்சு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1854 ஜனவரி இறுதியில் முதல் வண்டி சுரங்கப் பகுதிக்குக் கிளம்பியது. காப் சில ஆண்டுகளிலேயே தம் பங்கை விற்றுவிட்டுத் தாயகம் திரும்பினார். ‘காப் அண்ட் கோ’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது. 1861இல் ஜேம்ஸ் ரூதர்ஃபோர்டும் கூட்டாளிகளும் அதை வாங்கினார்கள். ரயில் சுரங்க நகரங்களை எட்டத் தொடங்கியதும், 1862இல் ரூதர்ஃபோர்டு பத்துக் கோச்சுகளையும் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு நியூ சவுத் வேல்ஸிலுள்ள பாத்தர்ஸ்டுக்குப் போய் அங்கே தலைமையிடத்தை அமைத்தார். 1866இல் குயின்ஸ்லாந்திலும் வண்டிகள் ஓடின.

இந்த வண்டியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஆங்கிலேய வண்டிகளில் எஃகு வில்கள் இருந்தன. ஆஸ்திரேலியப் பாதையின் குழியிலும் வேரிலும் அவை ஒடிந்துவிடும். காப் கொண்டுவந்த அமெரிக்க வண்டியின் உடல் தடித்த தோல்பட்டைகளில் தொங்கியது. பட்டைகள் முன்னும் பின்னும் ஊசலாடி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஒன்று அறுந்தாலும் வண்டிக்காரரே வழியில் கட்டிக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு மாற்று நிலையம். ஊதுகொம்பின் ஒலி கேட்டதும் அங்கிருக்கும் லாயக்காரர் அடுத்த குதிரைகளைச் சேணம் பூட்டி வெளியே கொண்டுவந்து நிறுத்துவார். சில நிமிடங்களில் களைத்த குதிரைகள் கழற்றப்பட்டுப் புதியவை பூட்டப்படும். மேட்டில் வண்டி திணறினால் கட்டணம் கொடுத்த பயணிகளே இறங்கி நடக்க வேண்டியதுதான், சேற்றில் புதைந்தால் தள்ளவும் வேண்டும். பயணியை இறக்கி நடக்க விடலாம்; தபால் பையைத் தாமதப்படுத்த முடியாது. ஏனென்றால் தபால் ஒப்பந்தத்தில் நேரம் குறிக்கப்பட்டிருந்தது.

நிறுவனத்தின் உயிர்நாடி எது என்பதும் இங்கேதான் தெரிகிறது. 1870 அளவில் காப் அண்ட் கோ நாள்தோறும் ஆறாயிரம் குதிரைகளைப் பூட்டியது. அதன் வண்டிகள் வாரத்துக்கு 28,000 மைல் ஓடின. ஆண்டுச் சம்பளப் பட்டியல் ஒரு லட்சம் பவுனைத் தாண்டியது. அதே காலத்தில் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து ஆகிய மூன்று அரசுகளும் தபாலுக்காக அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்குக் கொடுத்த மானியம் 95,000 பவுன். அதாவது வண்டிக்காரர் முதல் லாயக்காரர் வரை அத்தனை பேருடைய சம்பளத்தையும் ஏறக்குறைய ஈடுகட்டும் தொகை பொதுப்பணத்திலிருந்து வந்தது. காப் அண்ட் கோவைத் தனியார் முனைப்பின் காவியமாகப் பாடும் மரபு ஆஸ்திரேலியாவில் உண்டு. ரூதர்ஃபோர்டின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்து வீடுகள்கூட இல்லாத குடியிருப்புக்கு வாரந்தோறும் வண்டி போனதற்குக் காரணம் பயணிகளின் கட்டணமாக இருந்திருக்க முடியாது. கடிதமும் செய்தித்தாளும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று அரசு முடிவு செய்ததே காரணம்.

இனிப் பந்தயம். சிட்னி ஹைட் பார்க்கில் 1810 அக்டோபரில் படை அதிகாரிகள் நடத்திய பந்தயத்திலிருந்து கணக்கிட்டால், அடுத்த ஐம்பது ஆண்டுகளும் அது ஊருக்கு ஊர் நடக்கும் வேடிக்கைதான். வந்தவர் பார்த்தார், பணம் கட்டினார், வீடு திரும்பினார். அந்த நிலை மாறத் தொடங்கியது 1861 நவம்பர் 7ஆம் தேதி. அன்று மெல்போர்ன் ஃப்ளெமிங்டன் மைதானத்தில் முதல் மெல்போர்ன் கோப்பை ஓடியது. அதை நடத்திய விக்டோரியா டர்ஃப் கிளப்பில் முன்னின்றவர் கேப்டன் ஸ்டாண்டிஷ். அவரேதான் அப்போது விக்டோரியாவின் தலைமைக் காவல் ஆணையர். பதினேழு குதிரைகள் ஓடின. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த ஆர்ச்சர் வென்றது. நாட்டின் நடுப்பகுதியைக் கடக்கச் சென்ற பர்க், வில்ஸ் இருவரும் இறந்துபோன செய்தி சில நாள்களுக்கு முன்புதான் நகரை எட்டியிருந்தது. அந்தத் துக்கத்தில் கூட்டம் நாலாயிரம் பேர் அளவில் நின்றுவிட்டது. ஆர்ச்சர் ஐந்நூறு மைலுக்கு மேல் நடந்தே மெல்போர்ன் வந்தது என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அது கதை. குதிரை நீராவிக் கப்பலில் வந்தது.

இந்தப் பந்தயத்தின் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. என் வாதத்துக்கு அது மிகவும் தேவை. இது எல்லாக் குதிரைகளும் ஒரே எடை சுமக்கும் பந்தயம் அன்று. வலிய குதிரைக்கு அதிக எடை, எளிய குதிரைக்குக் குறைந்த எடை என்று அதிகாரி ஒருவர் முன்கூட்டியே பகிர்ந்து கொடுப்பார். ஜாக்கியின் உடல் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயம் சேர்ப்பார்கள். ஆர்ச்சர் 1861இல் சுமந்தது சுமார் 60 கிலோ, 1862இல் 64 கிலோ. அப்போதும் வென்றது. 1863க்கு அதன் மேல் வைக்கப்பட்ட எடை 71 கிலோவுக்கும் அதிகம். எல்லாக் குதிரைக்கும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறையச் சமமாக வேண்டும் என்பதே நோக்கம். அப்படிச் சமமாகும்போது குதிரையை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. யாரும் அறியாத ஒரு குதிரையின் பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கும் நம்பிக்கை கொள்ள நியாயம் பிறக்கிறது. பந்தயம் குலுக்கலுக்கு ஏற்ற பண்டமானது இந்த எடைப் பகிர்வால்தான்.

1863இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். பந்தயத்தில் கலந்துகொள்ளும் ஒப்புதலை ஆர்ச்சரின் தரப்பு சிட்னியிலிருந்து தந்தி மூலம் அனுப்பியது. அன்று மெல்போர்னில் பொது விடுமுறை. தந்தி உரியவர் கைக்குக் காலங்கடந்துதான் போனது. கிளப் ஒப்புதலை ஏற்க மறுத்தது. அதைக் கண்டித்து மற்றக் குதிரைக்காரர்கள் பலர் விலகிக்கொள்ள, அந்த ஆண்டு ஏழே குதிரைகள் ஓடின. இரண்டே ஆண்டுகளில் மெல்போர்ன் கோப்பை எந்த அளவுக்குத் தகவல் தொடர்பைச் சார்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். இளவயதில் இங்கிலாந்திலிருந்து வந்து, தங்கச் சுரங்கம் உட்படப் பல தொழில்களில் கைவைத்த ஜார்ஜ் ஆடம்ஸ், 1878இல் சிட்னி பிட் தெருவில் ஒரு விடுதியின் உரிமத்தைப் பெற்றார். டேட்டர்சால் கிளப் என்ற பந்தயக்காரர் சங்கம் அங்கேதான் கூடியது. அதன் உறுப்பினர்களுக்குள் நடந்துவந்த ‘சுவீப்’ என்ற பந்தயக் குலுக்கலை ஆடம்ஸ் 1881இல் சிட்னி கோப்பையை ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். சீட்டு ஒன்று ஒரு பவுன். மொத்தம் இரண்டாயிரம் சீட்டு. நடைமுறை எளிது. சீட்டு எண்கள் ஒரு பீப்பாயில், குதிரைப் பெயர்கள் மற்றொன்றில். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, எந்த எண்ணுக்கு எந்தக் குதிரை என்பது முடிவாகும். முதல் மூன்று இடம் பெற்ற குதிரைகளின் சீட்டுக்காரர்களுக்குப் பெரும்பரிசு. மற்றக் குதிரைகளின் பெயர் விழுந்தவர்களுக்கும் ஏதோ கொஞ்சம். ஆடம்ஸுக்குக் கழிவு பத்து விழுக்காடு. அந்தக் காலத்தில் செம்மறியாட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளி நூறு ஆட்டுக்கு ஒரு பவுன் கூலி வாங்கினார். ஒரு சீட்டு என்பது, கைதேர்ந்தவர் ஒருவர் நாள் முழுக்கக் குனிந்து நின்று ஈட்டும் காசு. அவர் வேலை செய்யும் கொட்டகையிலிருந்து மைதானம் நானூறு மைல் தொலைவில் இருக்கும். ஓடும் குதிரையை வாழ்நாளில் அவர் பார்க்கப் போவதில்லை. உறையில் பணத்தை வைத்து, வாரம் ஒருமுறை வரும் கோச்சின் பையில் போடுவார். மறுவண்டியில் சீட்டு வரும். பந்தயம் முடிந்த பின் செய்தித்தாளும் அதே வண்டியில் வரும்.

இங்கே மூன்று மறுப்புகள் எழக்கூடும். சூதாட்டம் ஆஸ்திரேலியரின் குணம், கைதிகளின் வாரிசுகளும் தங்கம் தேடி வந்தவர்களும் வேறு எப்படி இருப்பார்கள் என்பது முதலாவது. இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே வழி தருகிறது. ஆடம்ஸ் தம் தொழிலை மூன்று ஊர்களில் நடத்த நேர்ந்தது. தேவாலயங்களின் எதிர்ப்பால் நியூ சவுத் வேல்ஸ் அரசு சுவீப் கடிதங்களுக்குத் தபாலை மூடியபோது 1893இல் பிரிஸ்பேனுக்குப் போனார். குயின்ஸ்லாந்து 1895இல் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1896இல் டாஸ்மேனியத் தீவின் ஹோபார்ட்டுக்குப் போனார். டாஸ்மேனியாவின் மொத்த மக்கள்தொகை 1891 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. உள்ளூர் மக்களின் குணமே தொழிலைத் தாங்கியிருந்தால் அந்தத் தீவில் அது பட்டுப்போயிருக்க வேண்டும். மாறாகத் தழைத்தது, ஏனென்றால் மற்றக் குடியேற்றங்களிலிருந்து ஹோபார்ட்டுக்குத் தபால் தடையின்றிப் போனது. ஆசை எங்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது எந்த நாட்டிலும் இருப்பதுதான். ஆசைக்கும் பழக்கத்துக்கும் நடுவே ஒரு வழி வேண்டும். அந்த வழியை ஆராய்வதே வரலாற்றாசிரியரின் வேலை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ரயிலும் தந்தியும் செய்ததைக் கோச்சின் கணக்கில் எழுதுகிறேன் என்று சொல்லலாம். ஃப்ளெமிங்டனுக்கு ரயில் 1861லேயே வந்துவிட்டது. 1880களில் கோப்பை நாளன்று கூடிய கூட்டம் ஒரு லட்சத்தை எட்டியதற்கு ரயில்தான் காரணம். 1890இல் கார்பைன் என்ற குதிரை 66 கிலோ எடையோடு முப்பத்தெட்டுக் குதிரைகளை வென்ற செய்தி உடனுக்குடன் பரவியதற்குத் தந்திதான் காரணம். இதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ரயில் கூட்டத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்தது; மைதானத்துக்கு வர முடியாதவர்களைத் தொட்டது கோச்சு. தந்தி முடிவைச் சொன்னது. சீட்டும் பணமும் கம்பியில் போகவில்லை, பையில்தான் போயின. ரயில் நீள நீளக் கோச்சு அழிந்துவிடவும் இல்லை. ரயில் நின்ற இடத்திலிருந்து அது தொடங்கியது. காப் அண்ட் கோவின் கடைசிக் கோச்சு குயின்ஸ்லாந்தில் சூராட்டிலிருந்து யூல்பாவுக்கு ஓடியது 1924 ஆகஸ்டில். அதற்குள் நகரங்களில் மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. தபால் நல்ல பொருள். அதைச் சூதாட்டக்காரர்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள், அரசு தடுத்தது, இதில் என்ன தவறு? தடுத்ததில் தவறு காணவில்லை. எதைத் தடுத்தது, எதை விட்டுவைத்தது என்று பார்க்கச் சொல்கிறேன். மெல்போர்ன் கோப்பையை எந்த அரசும் தொடவில்லை. கோப்பை நாளைப் பொது விடுமுறையாக்கினார்கள். ஆளுநர்கள் வந்து அமர்ந்தார்கள். மைதானத்துக்குள் புக்கிகள் கூவிக் கூவிப் பணம் வாங்கினார்கள். வெளியூர்த் தொழிலாளியின் உறை மட்டும் குற்றமானது. மெல்போர்னின் காலிங்வுட் பகுதியில் ஜான் ரென் 1893 முதல் நடத்திய ‘டோட்’ என்ற பந்தயக் கடையில் ஆலைத் தொழிலாளர்கள் ஷில்லிங் கணக்கில் பந்தயம் கட்டினார்கள். போலீஸ் பலமுறை சோதனை போட்டது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. அந்தச் சட்டத்துக்குப் பின்னும் மைதானப் பந்தயம் நடந்தது. மைதானத்துக்குப் போக ஒரு நாள் ஓய்வும் நுழைவுக் கட்டணமும் உள்ளவன் செய்தால் விளையாட்டு, இல்லாதவன் செய்தால் சமூகக் கேடு என்ற அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை. சீட்டால் சீரழிந்த குடும்பங்கள் இருந்தன. அவற்றின் துயரத்தைக் குறைத்துச் சொல்வதும் என் நோக்கமில்லை. அந்தத் துயரத்தைக் காட்டிச் சட்டம் இயற்றியவர்கள் அதைப் பாதி மக்களுக்கு மட்டும் இயற்றினார்கள்.

டாஸ்மேனியாவின் போக்கு இதைவிட வெளிப்படையானது. அங்கே 1891இல் வான் டீமன்ஸ் லேண்ட் வங்கி திவாலானது. அதன் சொத்துகளை விற்க ஆளில்லை. குலுக்கல் மூலம் விற்றுத்தர ஆடம்ஸை அழைத்தார்கள். பிறகு 1896இல் பொதுச் சூதாட்டத்தைத் தடைசெய்து அரசு கொண்டுவந்த சட்டத்திலேயே ஆடம்ஸின் குலுக்கலுக்கு விலக்கு வைத்தார்கள். அப்போது பிரதமராக இருந்த எட்வர்டு பிராடன், வாழ்க்கையின் முற்பகுதியை இந்தியாவில் கழித்து, அயோத்தி மாகாணத்தில் கலால், முத்திரைத் தீர்வை நிர்வாகத்தைப் பார்த்தவர். தீய பழக்கத்திலிருந்து அரசுக்கு வருவாய் எடுக்கும் கலையை அவருக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருந்திருக்காது. 1901இல் ஆறு குடியேற்றங்களும் கூட்டாட்சியாக இணைந்தன. தபால் துறை நடுவண் அரசிடம் போனது. புதிய நாடாளுமன்றம் அந்த முதல் ஆண்டிலேயே இயற்றிய தபால் தந்திச் சட்டம், பரிசுச்சீட்டு நடத்துவோருக்குக் கடிதம் கொடுக்க மறுக்கும் அதிகாரத்தைத் தபால் துறைக்கு அளித்தது. பீப்பாயை உடைக்கவில்லை, மைதானத்தைப் பூட்டவில்லை. எங்கே அடித்தால் விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் இதுவரை சொல்லிவந்த வாதத்தை அந்தச் சட்டத்தை எழுதியவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் படிக்கிறேன். அதன் பிறகும் உறைகள் முகவர்கள் பெயருக்கும் தனியார் முகவரிக்கும் போய்க்கொண்டிருந்தன.

இவ்வளவு பேசிவிட்டு இன்னொன்றைப் பேசாமல் விட்டால் இந்த உரை குறையுடையதாகும். காப் அண்ட் கோவின் ஆறாயிரம் குதிரைகளுக்கு நாள்தோறும் தீனி வேண்டும். அவை மேய்ந்த புல்வெளி யாருடையது? ஃப்ளெமிங்டன் மைதானம் இருக்கும் ஆற்றோரச் சமவெளி உருண்ட்ஜெரி மக்களின் நிலம். 1835 முதல் மந்தைகளோடு வந்த குடியேறிகள் அந்த மக்களின் வேட்டை நிலத்தையும் நீர்நிலைகளையும் பறித்தார்கள். நோயும் துப்பாக்கியும் சேர்ந்து, 1863 அளவில் விக்டோரியா முழுவதிலும் பூர்வகுடிகளின் எண்ணிக்கையை இரண்டாயிரம் பேருக்குச் சுருக்கிவிட்டன. ஆர்ச்சரின் தந்தி தாமதமான அதே 1863இல்தான், எஞ்சிய மக்களில் ஒரு பகுதியினர் கொரண்டர்க் என்ற ஒதுக்கிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். தந்தி தாமதமானதைப் பற்றி ஆஸ்திரேலியாவில் இன்றும் பேசுகிறார்கள். இப்படிப் பறித்த புல்வெளிகளில் வளர்ந்த குதிரைகள் கண்டத்தோடு நிற்கவும் இல்லை. ‘வேலர்’ என்ற பெயரில் கல்கத்தாவுக்கும் நம் சென்னைக்கும் கப்பல் கப்பலாக வந்து, பிரிட்டிஷ் இந்தியப் படைக்குப் பூட்டப்பட்டன. ஒரு மக்களிடமிருந்து பறித்த நிலம், இன்னொரு மக்களை அடக்கிய படைக்குக் குதிரை கொடுத்தது. குடியேற்ற ஆட்சியின் கேளிக்கை வரலாற்றை எழுதும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று இங்குள்ள இளம் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆடம்ஸ் 1904இல் இறந்தார். நிறுவனம் ஹோபார்ட்டில் தொடர்ந்தது. அவரை வெளியேற்றிய குயின்ஸ்லாந்தில் 1916இல், போர்க்கால நிதி திரட்டுவதற்காக ‘கோல்டன் காஸ்கெட்’ என்ற பரிசுச்சீட்டு தொடங்கியது. 1920இல் அரசே அதை எடுத்துக்கொண்டது. அவருடைய தபாலை முதலில் மூடிய நியூ சவுத் வேல்ஸ் 1931இல் அரசு லாட்டரியைத் தொடங்கியது. பின்னாளில் சிட்னி ஓப்பரா மாளிகையைக் கட்டுவதற்கும் லாட்டரிப் பணத்தையே நம்பியது. ரென்னின் கடையை மூடிய விக்டோரியா, 1954இல் டேட்டர்சால் நிறுவனத்தையே ஹோபார்ட்டிலிருந்து மெல்போர்னுக்கு வரவழைத்து உரிமம் கொடுத்து, சீட்டு வருவாயில் தன் பங்கை எடுத்துக்கொண்டது.